ஐபிஎம் சிஸ்டம்/360 இயக்குநர் கன்சோல்

ஐபிஎம் சிஸ்டம்/360 இயக்குநர் கன்சோல் என்பது, ஐபிஎம் நிறுவனம் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 வகை மெயின்ஃபிரேம் கணினிகளை இயக்கவும், நிறுத்தவும், கண்காணிக்கவும் பயன்பட்ட கருவிகளின் தொகுதி ஆகும். இது இரண்டு முதன்மையான உறுப்புகளைக் கொண்டது. ஒன்று, மையச் செயலகத்தின் முகப்பில் விளக்குகளும் சுழல் சுவிட்சுகளும் பொத்தான்களும் கொண்டு அமைந்த கட்டுப்பாட்டுப் பலகை. மற்றொன்று, மேசைமேல் அமைந்த 1052 என்னும் அச்சு விசைப்பலகை. முன்னதன் வழியாக இயக்குநர் வன்பொருளை நேரடியாகக் கையாண்டார். பின்னதன் வழியாக இயக்குதளத்துடன் எழுத்து வடிவில் உரையாடினார்.

அதுவரை கணினியை இயக்குவது என்பது விளக்குகளைப் படிப்பதாகவும் சுவிட்சுகளைத் தள்ளுவதாகவும் இருந்தது. சிஸ்டம்/360 இன் காலத்திலேயே அது செய்திகளைப் படித்து விடையளிக்கும் பணியாக மாறியது. பிற்கால மெயின்ஃபிரேம்களின் இயக்க முறை பெரும்பாலும் இக்கன்சோலில் உருவான பழக்கங்களின் தொடர்ச்சியே ஆகும்.

பின்னணி

1940களில் உருவான எனியாக் கணினிக்குத் தனியான கன்சோல் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. கம்பிகளை இடம் மாற்றிச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியுமே அதற்குக் கட்டளை அமைக்கப்பட்டது. 1951 இல் அமெரிக்கக் குடிமதிப்புத் துறைக்கு வழங்கப்பட்ட யுனிவாக் 1 கணினியில், விசைப்பலகையும் தட்டச்சுப்பொறியும் இணைந்த மேற்பார்வைக் கன்சோல் ஒன்று இருந்தது. 1952 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை முன்கணிக்க யுனிவாக்கைப் பயன்படுத்தியது. அப்போது நியூயார்க் அரங்கில் மின்னிக்கொண்டிருந்த கன்சோல் வெறும் காட்சிப்பொருளே. கணக்கிட்ட பொறி பிலடெல்பியாவில் இருந்தது. விளக்குகள் மின்னும் பலகையே கணினியின் முகம் என்ற எண்ணம் பொதுமக்களிடையே அக்காலத்திலேயே வேரூன்றத் தொடங்கியதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1950களில் ஐபிஎம் 704 போன்ற கணினிகளின் கன்சோலில் 36 பிட் கொண்ட ஒரு சொல்லை நேரடியாக அமைப்பதற்குரிய விசைகள் இருந்தன. அவற்றுடன் நிரலால் சோதித்தறியத்தக்க 6 'சென்ஸ்' சுவிட்சுகளும், நிரலால் ஏற்றி அணைக்கத்தக்க 4 'சென்ஸ்' விளக்குகளும் இருந்தன. 1957 இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் இவற்றுக்கென்றே தனிக் கூற்றுகள் அமைக்கப்பட்டிருந்தன. அதாவது, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் போக்கை மனிதர் ஒருவர் கன்சோலில் அமர்ந்து மாற்றலாம் என்பது மொழியின் இலக்கணத்திலேயே இடம்பெற்றிருந்தது.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவதாக, நிரலர் கன்சோலில் அமர்ந்து சிந்திக்கும் ஒவ்வொரு நிமிடமும் விலையுயர்ந்த பொறி சும்மா இருந்தது. இரண்டாவதாக, ஒவ்வொரு கணினி மாதிரிக்கும் ஒவ்வொரு விதமான பலகை இருந்தமையால், ஒன்றில் பயின்றவர் மற்றொன்றை இயக்க மீண்டும் பயில வேண்டியிருந்தது. சிஸ்டம்/360 இவ்விரண்டு குறைகளையும் களைய முற்பட்டது.

பொதுவான வடிவமைப்பு

சிஸ்டம்/360 இன் அடிப்படைக் கருத்து பொருந்துதன்மை ஆகும். சிறிய மாதிரியில் எழுதப்பட்ட நிரல் பெரிய மாதிரியிலும் மாற்றமின்றி ஓட வேண்டும் என்பதே இதன் பொருள். ஜீன் அம்டால், ஃபிரெட் புரூக்ஸ், கெரிட் பிளாவ் ஆகியோர் இதன் கட்டமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். கட்டமைப்பை வரையறுத்த 'செயற்பாட்டு நெறிகள்' என்னும் கையேடு, கணினியின் ஆணைகளை மட்டுமன்றிக் கட்டுப்பாட்டுப் பலகையின் செயல்களையும் வரையறுத்தது. எனவே பொருந்துதன்மை நிரலுக்கு மட்டுமன்றி இயக்குநரின் கைகளுக்கும் உரியதாயிற்று.

இக்கையேட்டின்படி கட்டுப்பாட்டுப் பலகை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது.

1. இயக்குநர் கட்டுப்பாட்டுப் பகுதி: அன்றாட இயக்கத்திற்குத் தேவையானவை மட்டும் இங்கு இருந்தன. மின்சாரத்தை ஏற்றவும் அணைக்கவும் உரிய விசைகள், 'லோடு' எனப்படும் ஏற்றுதல் விசை, 'இன்டரப்ட்' எனப்படும் குறுக்கீட்டு விசை, ஐந்து விளக்குகள், அவசர இழுப்புப்பிடி ஆகியவை இதில் அடங்கும்.

2. இயக்குநர் தலையீட்டுப் பகுதி: வழக்கமான இயக்கத்தில் இடையிட்டுப் பொறியை நிறுத்தவோ நினைவகத்தைப் பார்க்கவோ மாற்றவோ தேவையானவை இங்கு இருந்தன. தொடக்கு, நிறுத்து, மீளமை, காட்டு, சேமி ஆகிய விசைகளும், முகவரி, தரவு ஆகியவற்றை அமைக்கும் சுவிட்சுகளும் இதில் அடங்கும்.

3. பராமரிப்புப் பொறியாளர் பகுதி: பழுது பார்ப்பதற்கு மட்டும் உரியது. மாதிரிக்கு மாதிரி பெரிதும் வேறுபட்டது இப்பகுதியே.

மாதிரி 30 இன் பலகை ஓரளவு சிறியது. மாதிரி 91 இன் பலகையோ ஒரு சுவரின் பகுதியைப் போல விளக்குகளால் நிரம்பியது. எனினும் முதற்பகுதியின் விசைகள் இரண்டிலும் ஒரே பெயரையும் ஒரே செயலையும் கொண்டிருந்தன. அக்காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வடிவமைப்பு ஆலோசகராக இருந்தவர் எலியட் நோயஸ். கணினிப் பெட்டிகளின் நிறத்தைச் சிவப்பு, நீலம், மஞ்சள் போன்றவற்றிலிருந்து வாடிக்கையாளர் தெரிவு செய்துகொள்ள முடிந்தது.

விளக்குகள்

பலகையின் பெரும்பகுதியை நிரப்பிய சிறு விளக்குகள் பதிவகங்களின் பிட்டுகளைக் காட்டின. சிஸ்டம்/360 இல் ஒரு பைட் என்பது 8 பிட்டுகள். ஒவ்வொரு பைட்டுடனும் பிழையறிதலுக்காக இன்னொரு பிட் சேர்ந்து வந்தது. அதற்கும் ஒரு விளக்கு இருந்தது. மாதிரி 50, 65 போன்றவற்றில் எல்லாப் பதிவகங்களுக்கும் தனித்தனி விளக்குகள் வைக்க இடம் போதாது. ஆகவே ஒரே விளக்கு வரிசை பலவற்றைக் காட்டும்படி செய்யப்பட்டது. ஒரு குமிழைத் திருப்பினால் வரிசையின் பெயர்ச்சீட்டு உருளை சுழன்று மாறும், விளக்குகள் காட்டும் பொருளும் அதனுடன் மாறும்.

ஆயினும் இயக்குநர் நாள்தோறும் கவனித்தது இவ்விளக்குகளை அன்று. முதற்பகுதியில் இருந்த ஐந்து விளக்குகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

- சிஸ்டம்: பயன்பாட்டு மணிமானி ஓடுகிறது என்பதைக் காட்டும்.
- மேனுவல்: மையச் செயலகம் நிறுத்தப்பட்ட நிலையில் உள்ளது என்பதைக் காட்டும்.
- வெயிட்: மையச் செயலகம் வேலையின்றிக் காத்திருக்கிறது என்பதைக் காட்டும்.
- டெஸ்ட்: ஏதேனும் ஒரு சுவிட்சு வழக்கமான நிலையில் இல்லை என்பதையோ சோதனை நடக்கிறது என்பதையோ காட்டும்.
- லோடு: தொடக்க ஏற்றுதல் நடைபெறுகிறது, இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும்.

அறையின் மறுமுனையில் நாடாக்களை மாற்றிக்கொண்டிருக்கும் இயக்குநர், வெயிட் விளக்கு நெடுநேரம் அணையாமல் எரிவதைக் கண்டால் இரண்டில் ஒன்றை உணர்ந்துகொள்ளலாம். செய்வதற்கு வேலை இல்லை, அல்லது பொறி தம் விடைக்காகவோ தாம் பொருத்த வேண்டிய நாடாவுக்காகவோ காத்திருக்கிறது.

தொடக்க ஏற்றுதல்

கணினியை உயிர்ப்பிக்கும் முறை எளிமையானது. இயக்குதளம் உள்ள வட்டு அல்லது நாடா இயக்கியின் முகவரியை மூன்று சுழல் சுவிட்சுகளில் அமைக்க வேண்டும். இடப்பக்கச் சுவிட்சு 0 முதல் 7 வரை 8 நிலைகளும், மற்ற இரண்டும் 0 முதல் 9 வரையும் பின்னர் ஏ முதல் எஃப் வரையும் 16 நிலைகளும் கொண்டவை. பின்னர் லோடு விசையை அழுத்த வேண்டும். வன்பொருள் அச்சாதனத்திலிருந்து 24 பைட்டுகளை நினைவகத்தின் தொடக்கத்தில் படித்து வைக்கும். அவற்றுள் கடைசி 16 பைட்டுகள் மேற்கொண்டு எதைப் படிப்பது என்பதற்கான உள்ளீட்டு ஆணைகள். ஏற்றுதல் முடிந்தவுடன் முதல் 8 பைட்டுகள் நிரல் நிலைச் சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டு, அது சுட்டும் இடத்திலிருந்து கணினி ஓடத் தொடங்கும். முந்தைய கணினிகள் சிலவற்றில் தொடக்க நிரலைச் சுவிட்சுகளால் சொல் சொல்லாக உள்ளிட வேண்டியிருந்ததோடு ஒப்பிட்டால் இதன் எளிமை விளங்கும்.

அவசர இழுப்புப்பிடி

பலகையின் மேற்பகுதியில் அமைந்த சிவப்புப் பிடியை இழுத்தால், கணினித் தொகுதியின் எல்லா அலகுகளுக்கும் செல்லும் மின்சாரம் உடனே துண்டிக்கப்படும். தீ, மின்கசிவு போன்ற இடர்களுக்கு மட்டுமே உரியது இது. இழுத்த பிடி வெளியே வந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். பராமரிப்புப் பொறியாளர் மட்டுமே அதை மீண்டும் உள்ளே தள்ளலாம். ஓடிக்கொண்டிருந்த அனைத்து வேலைகளும் அந்நொடியில் இழக்கப்படும் என்பதால், பொறியாளர் வந்து பார்க்காமல் கணினியை எவரும் மீண்டும் தொடக்கிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

பயன்பாட்டு மணிமானி

சிஸ்டம்/360 கணினிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் விலைக்கு வாங்கவில்லை, மாத வாடகைக்கே எடுத்தன. எனவே ஓடிய நேரத்தை அளக்கும் இரண்டு மணிமானிகள் பொறியில் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று வாடிக்கையாளரின் பயன்பாட்டை அளந்தது. மற்றொன்று பராமரிப்பு நேரத்தை அளந்தது. எது ஓட வேண்டும் என்பதைப் பொறியாளரிடம் இருந்த சாவி தீர்மானித்தது. அடிப்படை வாடகை மாதத்திற்கு 176 மணிநேரத்திற்கு உரியது. இது நாளொன்றுக்கு 8 மணிநேரம் வீதம் 22 வேலைநாட்களின் கணக்கு ஆகும். அதற்கு மேற்பட்ட பயன்பாட்டிற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. இயக்குநர் நாடா ஒன்றைத் தவறாகப் பொருத்தி ஒரு வேலையை மறுபடியும் ஓட்ட நேர்ந்தால், அத்தவறு மணிமானியிலும் பதிவாயிற்று.

1052 அச்சு விசைப்பலகை

1052 என்பது ஐபிஎம் நிறுவனம் 1961 இல் அறிமுகப்படுத்திய செலக்ட்ரிக் தட்டச்சுப்பொறியின் இயங்குமுறையைக் கொண்டது. சாதாரணத் தட்டச்சுப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தண்டு உண்டு. செலக்ட்ரிக்கில் அதற்கு மாறாக, 88 எழுத்துருக்கள் பொறிக்கப்பட்ட சிறிய பந்து ஒன்று சாய்ந்தும் சுழன்றும் தாளில் மோதுகிறது. தாள் ஏந்தி நகர்வதில்லை, பந்தே நகர்கிறது. சிஸ்டம்/360 உடன் இணைக்கப்பட்ட 1052 மாதிரி 7 நொடிக்கு 14.8 எழுத்துகளை அச்சிட்டது.

மனிதக் கண்ணுக்கு இது வேகம், கணினிக்கோ மிகுந்த தாமதம். ஓர் எழுத்தை அச்சிட ஏறத்தாழ 68 மில்லிநொடி ஆகிறது. 0.75 மைக்ரோநொடி சுழற்சி நேரம் கொண்ட மாதிரி 65 இன் நினைவகம் அதற்குள் சுமார் 90,000 சுழற்சிகளை முடித்துவிடும். 60 எழுத்து கொண்ட ஒரு செய்தி வரிக்கு 4 நொடி தேவைப்பட்டது. எனவே செய்திகள் சுருக்கமாக இருக்க வேண்டியது அழகியல் சார்ந்த விருப்பம் அன்று, பொறியியல் சார்ந்த கட்டாயம் ஆகும்.

1052 இன் விசைப்பலகை தட்டச்சுப்பொறியுடையதைப் போலவே தோன்றினாலும், அதன் பயன்பாடு வேறுபட்டது. விசைப்பலகை இயல்பாகப் பூட்டியே இருக்கும். இயக்குநர் ஏதேனும் தட்டச்சு செய்ய விரும்பினால் பின்வரும் வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

- ரிக்வெஸ்ட் விசையை அழுத்த வேண்டும். இது இயக்குதளத்திற்குக் கவன ஈர்ப்புக் குறுக்கீடு ஒன்றை அனுப்பும்.
- இயக்குதளம் படிப்பு ஆணையை அனுப்பியதும் 'ப்ரொசீட்' விளக்கு எரியும். விசைப்பலகை திறக்கும்.
- கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும்.
- மாற்றுக் குறியீட்டு விசையை அழுத்திக்கொண்டே 5 ஐ அழுத்தினால் செய்தி முடிவுற்றுக் கணினிக்குச் செல்லும். அதே விசையுடன் 0 ஐ அழுத்தினால் தட்டச்சு செய்த வரி கைவிடப்படும்.

இங்கு விசைப்பலகை கணினிக்கு உரியது, இயக்குநர் இசைவு பெற்றே அதைப் பயன்படுத்துகிறார் என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், ஒரே சாதனம் அச்சிடவும் படிக்கவும் பயன்பட்டதால், இயக்குநர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கணினியால் எதையும் அச்சிட இயலாது. செய்திகள் நினைவகத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் காத்திருக்கும். அவ்விடங்கள் நிரம்பினால் செய்தி அனுப்ப முயலும் நிரல்களும் காத்திருக்க வேண்டியதுதான். இயக்குநர் பாதிவரி தட்டச்சு செய்துவிட்டு எழுந்து சென்றால், பெரிய கணினி ஒன்று மெல்ல மெல்ல நின்றுபோக அதுவே காரணமாகலாம்.

இயக்குதளத்துடன் உரையாடல்

ஓஎஸ்/360 இயக்குதளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. முதல் மூன்று எழுத்துகள் செய்தியை அனுப்பிய கூறினைக் குறிக்கும். அடுத்து வருவது வரிசை எண். இறுதி எழுத்து இயக்குநர் செய்ய வேண்டியதைக் குறிக்கும். 'ஏ' என்றால் செயல் தேவை, 'டி' என்றால் முடிவு தேவை, 'ஐ' என்றால் தகவல் மட்டும். காகிதச் சுருளை ஓட்டமாகப் பார்க்கும் இயக்குநர் இறுதி எழுத்தை மட்டும் பார்த்தே எதை உடனே கவனிப்பது எனத் தீர்மானிக்க முடிந்தது.

கணினியை ஏற்றியவுடன் வரும் ஐ.இ.ஏ.101ஏ என்னும் செய்தி அமைப்பு அளவுருக்களைக் கேட்கும். மாற்றம் எதுவும் தேவையில்லை எனில் ஆர் 00,'யு' என்று விடையளிக்க வேண்டும். இதில் 'ஆர்' என்பது விடையளிக்கும் கட்டளையின் சுருக்கம், 00 என்பது கேள்வியின் எண். ஐ.இ.எஃப்.233ஏ என்பது குறிப்பிட்ட இயக்கியில் குறிப்பிட்ட நாடாவையோ வட்டையோ பொருத்துமாறு வேண்டும் செய்தி.

ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடியதால் பல கேள்விகள் விடையின்றி நிலுவையில் இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி எண் வழங்கப்பட்டது. 03 ஆம் கேள்விக்கு உரிய விடையை 02 ஆம் கேள்விக்கு அளித்தால், சம்பளப் பட்டியல் அச்சிடும் நிரலுக்குச் சரக்கிருப்பு நிரலின் விடை போய்ச் சேரும். பயன்பாட்டு நிரலும் இயக்குநரிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் அக்கேள்வியைத் தெளிவாக எழுதுவது நிரலரின் பொறுப்பாக விடப்பட்டது. 'தொடரலாமா' என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு நள்ளிரவில் பணியாற்றும் இயக்குநர் என்ன விடையளித்தாலும் அது ஊகமே. இதனால்தான் ஒவ்வொரு வேலைக்கும் எழுத்து வடிவிலான இயக்கக் குறிப்பு வைத்திருக்கும் வழக்கம் கணினி மையங்களில் நிலைபெற்றது.

பல நிரல்கள் ஒருங்கே ஓடும் முறை வந்தபின், தலையீட்டுப் பகுதியின் பயன் குறைந்தது. ஆணை ஆணையாக ஓட்டும் சுவிட்சும், குறிப்பிட்ட முகவரியை அடைந்ததும் நிறுத்தும் சுவிட்சும் பலகையில் இருந்தன. ஆனால் ஒருவரின் பிழையைத் தேட நிறுத்து விசையை அழுத்தினால் எல்லோருடைய வேலையும் நிற்கும். நிரலர் கன்சோலிலிருந்து விலகினார். நினைவகத்தின் உள்ளடக்கத்தை அச்சிட்ட தாள்களைக் கொண்டு தம் மேசையிலேயே பிழை தேடினார். கன்சோல் இயக்குநருக்கு மட்டும் உரியதாயிற்று.

பல கன்சோல்கள்

முழுக் கணினியும் ஒற்றை 1052 ஐ நம்பியிருப்பது இடரானது. அசையும் பாகங்கள் நிறைந்த அத்தட்டச்சுப்பொறி இரவும் பகலும் ஓடியது. அது பழுதுபட்டால் மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் கணினியைக் கட்டுப்படுத்த வழியில்லை. இதற்கு மாற்றாக ஓஎஸ்/360 இல் மாற்றுக் கன்சோல் வசதி அமைந்தது. முதன்மைக் கன்சோல் செயலிழந்தால் இயக்குநர் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள குறுக்கீட்டு விசையை அழுத்தினால் போதும். இயக்குதளம் மாற்றுக் கன்சோலை முதன்மையாக ஏற்றுக்கொள்ளும்.

பின்னர் வந்த பல்கன்சோல் வசதி செய்திகளைப் பணிவாரியாகப் பிரித்தது. ஒவ்வொரு செய்திக்கும் வழிப்படுத்தும் குறியெண் தரப்பட்டது. நாடா இயக்கிகளுக்கானவை, வட்டுகளுக்கானவை, நாடா நூலகத்திற்கானவை, தொலைத்தொடர்புக்கானவை, பாதுகாப்புக்கானவை என வெவ்வேறு கன்சோல்களுக்கு அவை அனுப்பப்பட்டன. எந்தக் கன்சோலிலிருந்து எவ்வகைக் கட்டளைகளை ஏற்கலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. நாடா நூலகத்தில் உள்ளவர் நாடா பற்றிய செய்திகளைப் பெறலாம், ஆனால் கணினியை நிறுத்த இயலாது.

செய்தி வராத நிலை

இயக்குதளமே செயலிழந்தால் அதனால் தட்டச்சுப்பொறியில் செய்தி அச்சிட முடியாது. அத்தகைய நிலையில் அது எந்தக் குறுக்கீட்டையும் ஏற்காத காத்திருப்பு நிலைக்குச் செல்லும். நிரல் நிலைச் சொல்லில் ஒரு குறியெண்ணை மட்டும் விட்டுச்செல்லும். வெயிட் விளக்கு எரியும், 1052 அமைதியாக இருக்கும், ரிக்வெஸ்ட் விசைக்கு விடை வராது. அப்போது இயக்குநர் மீண்டும் கட்டுப்பாட்டுப் பலகைக்குச் சென்று விளக்குகளைப் பதினறும எண்களாகப் படித்துக் குறியெண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்நேரத்தில் இயக்குநரின் பொறுமை முக்கியமானது. வேலைகள் தேங்கியுள்ளன என்ற பதற்றத்தில் உடனே லோடு விசையை அழுத்தி இயக்குதளத்தை மீண்டும் ஏற்றினால், பிழையின் தடயங்கள் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். முதலில் குறியெண்ணைக் குறித்துக்கொண்டு, நினைவகத்தை நாடாவிலோ தாளிலோ பதிவு செய்யும் தனி நிரலை ஓட்டி, அதன் பின்னரே மீண்டும் ஏற்ற வேண்டும். இவ்வொழுங்கைப் பின்பற்றாத இடங்களில் அதே பிழை மறுநாளும் வந்தது, அன்றும் அதன் காரணம் தெரியவில்லை.

பிற நிறுவனங்களின் கன்சோல்கள்

ஐபிஎம் வழி ஒன்றே வழி அன்று. கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்துக்காகச் சைமூர் கிரே வடிவமைத்து 1964 இல் வெளிவந்த சிடிசி 6600 கணினியில் மின்னும் பதிவக விளக்குகளுக்கு மாற்றாக, இரண்டு வட்டத் திரைகளும் ஒரு விசைப்பலகையும் கொண்ட கன்சோல் இருந்தது. அத்திரைகளில் எழுத்துகளை இடைவிடாது வரைந்துகொண்டிருப்பதே அக்கணினியின் 10 புறச் செயலகங்களுள் ஒன்றின் பணியாக இருந்தது. ஓடும் வேலைகளின் நிலையை இயக்குநர் நேரடியாகத் திரையில் கண்டார். எனினும் கணினியைத் தொடக்குவதற்கு 12 வரிசையில் 12 வீதம் அமைந்த 144 சிறு சுவிட்சுகள் கொண்ட பலகை தேவைப்பட்டது.

பர்ரோஸ் நிறுவனத்தின் பி6700 கணினி வேலையின்றி இருக்கும்போது அதன் விளக்குகள் நிறுவனத்தின் முதலெழுத்தான 'பி' வடிவில் எரியும். தூரத்திலிருந்தே பொறி ஓய்வாக உள்ளதா என்பதை அறிய இது உதவியது.

திரைக்கு மாற்றம்

1968 இல் அறிவிக்கப்பட்ட மாதிரி 85 இல் கன்சோலின் பகுதியாகவே எதிர்மின்கதிர்க் குழாய்த் திரை அமைந்தது. 1970 இல் தொடங்கிய சிஸ்டம்/370 வரிசையில் 3210, 3215 ஆகிய அச்சு விசைப்பலகைகள் 1052 இன் இடத்தைப் பிடித்தன. 3215 பந்திற்கு மாற்றாகப் புள்ளி அச்சு முறையைப் பயன்படுத்தி நொடிக்கு 85 எழுத்துகள் அச்சிட்டது.

1971 இல் அறிமுகமான 3270 முனையக் குடும்பத்தின் 3277 மாதிரி 2 திரையில் 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் இருந்தன. இதில் இயக்குநர் தட்டச்சு செய்வது முனையத்திலேயே தங்கியிருக்கும். உள்ளிடு விசையையோ செயல் விசைகளுள் ஒன்றையோ அழுத்தும்போதுதான் கணினிக்குச் செல்லும். சென்றவுடன் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும், கணினி திறந்துவிடும் வரை காத்திருக்க வேண்டும். 1052 இன் ப்ரொசீட் விளக்கு கற்பித்த ஒழுங்கு வேறு வடிவில் தொடர்ந்ததை இதில் காணலாம்.

1970களின் பிற்பகுதியில் வந்த 3278 முனையத்தின் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் வளையும் பட்டைச்சுருள் இருந்தது. விசை பதிந்ததை உணர்த்த, தட்டும் ஒலி எழுப்பும் மின்காந்தச் சுத்தி ஒன்றும் சேர்க்கப்பட்டது. தட்டச்சுப்பொறியின் ஒலிக்கும் அழுத்தத்திற்கும் பழகிய கைகள், ஓசையற்ற மின்னணு விசையைத் தட்டும்போது எழுத்து பதிந்ததா என்று ஐயுறும் என்பதே இதற்குக் காரணம். 1984 இல் வந்த ஐபிஎம் பிசி/ஏடி கணினியின் 'சிஸ்டம் ரிக்வெஸ்ட்' விசைக்குக் கருத்தளவில் முன்னோடி, இயக்குதளத்தின் கவனத்தை ஈர்க்கப் பயன்பட்ட ரிக்வெஸ்ட் விசையே.

திரை வந்தபோது ஓர் இழப்பும் நேர்ந்தது. 1052 இல் கணினி சொன்னதும் இயக்குநர் சொன்னதும் ஒரே காகிதத்தில் நேர வரிசையில் பதிவாயின. தவறு நேர்ந்தால் யார், எப்போது, என்ன விடையளித்தார் என்பதற்கு அச்சுருளே சான்று. திரையிலோ செய்தி மேலே நகர்ந்து மறைந்துவிடும். ஆகவே திரைக் கன்சோல்களுடன், எல்லாச் செய்திகளையும் கட்டளைகளையும் தனியே பதிவு செய்யும் பதிவேடு கட்டாயமாக்கப்பட்டது.

இந்தியாவில்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973 இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. சிஸ்டம்/360 இன் வழிவந்த இம்மாதிரியின் கன்சோலில் 3210 அல்லது 3215 அச்சு விசைப்பலகை பயன்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் விளைவாக ஐபிஎம் நிறுவனம் 1978 இல் இந்தியாவிலிருந்து வெளியேறியது.

பிற்கால நிலை

ஒருங்கிணைந்த சுற்றுகள் வளர்ந்தபோது பதிவகங்கள் சில்லுகளுக்குள் மறைந்தன. நொடிக்குப் பல இலட்சம் முறை மாறும் பிட்டுகளை விளக்குகளில் காட்டுவதால் பயனில்லாமற் போயிற்று. 1990கள் முதல் ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் வன்பொருளைத் தனிக் கணினி ஒன்றே கட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாட்டுப் பலகையின் பணிகள் அதன் திரையில் பட்டியல்களாக மாறின. எனினும் ஏற்றுதல், மீளமைத்தல், நிறுத்துதல், காத்திருப்புக் குறியெண் ஆகிய கருத்துகளும், செய்தி அடையாளக் குறியின் அமைப்பும், ஓரெழுத்துக் கட்டளைச் சுருக்கங்களும் ஐபிஎம் நிறுவனத்தின் இசட்/ஓஎஸ் இயக்குதளத்தில் இன்றும் வழக்கில் உள்ளன.

அமெரிக்காவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் சிஸ்டம்/360 மாதிரி 30 காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1999 முதல் கிடைக்கும் ஹெர்குலிஸ் என்னும் ஒப்புருவாக்க மென்பொருளைக் கொண்டு தனிநபர் கணினியிலேயே பழைய ஓஎஸ்/360 ஐ ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் முதலில் ஏற்றும் சாதனத்தின் முகவரியைத் தர வேண்டும், பின்னர் கன்சோலில் ஐ.இ.ஏ.101ஏ செய்திக்கு விடையளிக்க வேண்டும்.